வம்சத்தில் இருப்பது

சிங்கப்பூரின் செங்காங் வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் ஆலயத்தில் பூசை முடிந்து உட்கார்ந்தால் பெரியவர்களின் பேச்சு உடம்பைப் பற்றித்தான் போகும். சர்க்கரை, பிரஷர், யாருக்கோ திடீரென வாய் கோணிக் கை விழுந்த கதை. “எங்க வம்சத்துலயே இருக்கு” என்று ஒருவர் சொல்வார். எல்லோரும் தலையாட்டுவார்கள். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்பதில்லை.

வம்சத்தில் இருப்பது எது?

*

பக்கவாதங்களில் பெரும்பாலானவை இரத்தக் குழாய் அடைப்பால் வருபவை. அடைப்பு வரும் வழிகளில் ஒன்று இது: கழுத்துத் தமனியின் உட்சுவரில் கொழுப்பு படிகிறது. அதை அகற்ற வரும் வெள்ளணுக்கள் கொழுப்பைத் தின்று அங்கேயே உப்பிக் கிடக்கின்றன. அவை மேலும் வெள்ளணுக்களை அழைக்கின்றன. வலியே இல்லாமல் வருடக்கணக்கில் அழற்சி நடக்கிறது. படிவின் மூடி மெலிந்து ஒருநாள் கிழிகிறது. அங்கே உறையும் இரத்தம் துணுக்காகி மூளைக்குப் போய்விடுகிறது.

இத்தனையும் உடம்பு தன்னைக் காத்துக்கொள்ள எடுக்கும் முயற்சி. இதை நினைத்தால் மனம் கனக்கிறது.

*

2022இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, பக்கவாதம் கண்ட 110,182 பேரின் மரபணுக்களைப் பார்த்தது. ஆபத்தோடு தொடர்புடைய 89 இடங்கள் தெரியவந்தன. பெரும்பாலும் ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. பிட்எக்ஸ்2 மரபணுவுக்கு அருகிலுள்ள மாற்றம் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கிறது. எச்டாக்9 பெரிய தமனிகளின் அடைப்போடு சேர்ந்தது. நாட்ச்3 போல ஒரே மரபணு நோயைக் கொண்டுவருவது அரிது. ஆக, வம்சத்தில் இருப்பது சாபமல்ல, பல சிறு சாய்வுகள்.

அப்படிப்பட்ட சாய்வு ஒன்றில் என் மனம் நிற்கிறது. இன்டர்லூக்கின்-6 என்னும் அழற்சிச் செய்தியை வாங்கும் ஏற்பியின் மரபணுவில் ஓரெழுத்து மாற்றம். அதோடு பிறந்தவர்களின் இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவு ஆயுள் முழுக்கச் சற்றுக் குறைவு. இதயத் தமனி நோயும் அவர்களுக்குக் குறைவு என்று 2012இல் லான்செட் இதழ் வெளியிட்டது. அடைப்புப் பக்கவாதமும் அப்படித்தான் என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின.

*

அப்படியானால் மருந்தால் அழற்சியைத் தணிக்கலாமே? 2017இல் கேன்டாஸ் ஆய்வு அதைத்தான் செய்தது. கொலஸ்ட்ராலைத் தொடாமலே மாரடைப்பு குறைந்தது. ஆனால் உயிர்பறிக்கும் தொற்றுகள் கூடின.

அடுத்தது கோல்சிசின், கீல்வாதத்துக்குத் தரும் பழைய மருந்து. அது செங்காந்தள் விதையில் இருக்கிறது. தமிழ்நாட்டின் மாநில மலர் அது. ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கத்து உழவர்கள் கண்வலிக்கிழங்கு என்று பயிரிட்டு, விதையை மருந்துக்காக விற்கிறார்கள். கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. அளவோடு பிரித்தெடுத்தால்தான் மருந்து. பக்கவாதம் கண்டவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2024இல் வெளிவந்தன. ஒன்றில் 3,154 பேர், சீனாவில் நடந்த மற்றதில் 8,343 பேர். இரண்டிலும் உறுதியான பலன் தெரியவில்லை.

நம் மண்ணின் கொடி ஆயிற்றே என்று ஆசைப்பட்ட எனக்கு அது வருத்தமே. ஆனாலும் கருவிலிருந்தே குறைந்த அழற்சியோடு வளர்ந்த உடம்பும், அறுபது வயதில் மாத்திரை தொடங்கும் உடம்பும் எப்படி ஒன்றாகும்? அழற்சி என்ற வழியையே இதனால் கைவிட்டுவிடக் கூடாது என்பது என் எண்ணம்.

*

மரபணு ஆய்வுகள் நெடுங்காலம் ஐரோப்பிய வம்சாவளியினரையே அதிகம் பார்த்தன. 2019இல் சிங்கப்பூர் விஞ்ஞானிகள் 4,810 பேரின் முழு மரபணுத் தொகுதியைப் படித்து வெளியிட்டார்கள். 1,127 பேர் இந்தியர்கள். பேர் தெரியாத அவர்களுக்கு நான் நன்றி சொல்கிறேன். அதைத் தொடர்ந்த எஸ்ஜி100கே ஒரு லட்சம் பேரை இலக்காகக் கொண்டது. இப்படிப்பட்ட ஆய்வுக்கு உங்களைக் கேட்டால் சேருங்கள்.

*

வம்சத்தில் இருக்கிறது என்றால் மற்றவர்களுக்கு முன்பே பலதுறை மருந்தகத்துக்குப் போய் இரத்த அழுத்தம் பாருங்கள். திருத்தக்கூடிய காரணங்களில் அதுவே முதன்மையானது. முகம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 995ஐ அழையுங்கள். தூங்கி எழுந்தால் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.