வாயில்லா ஜீவனும் நம் தராசும்

வீட்டுப் பூனைக்கு இனிப்புநீர் என்றால், ‘பூனைக்கா இவ்வளவு செலவு?’ என்று கேட்பார் உண்டு. கேள்வி நியாயமே, நம் கல்லாவில் முதற்பங்கு பிள்ளைகளுக்கு. ஆயினும், பூனையைக் கட்டிவைத்து, இரையும் கொடாது, தேடித் தின்ன அவிழ்த்தும் விடாது சாகவிட்ட பெண் வேதனைக்குள்ளானதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். நாம் வளர்க்கும் ஜீவன் நம்மிடமுள்ள அமானிதம்.

சிக்கனம் கூடும், எதில் என்பதே கேள்வி. மனிதருக்குரிய சர்க்கரைக் கருவியாலேயே, பூனையின் காதோரம் ஒரு துளி இரத்தமெடுத்து வீட்டில் பார்க்கலாம். மாவுச்சத்துக் குறைந்த டின் உணவில் மலிவானதும் உண்டு. ஆனால் மருந்தின் அளவில் கை வைக்கலாகாது. இன்சுலின் பெரும்பாலும் 12 மணிக்கொரு முறை. காசு மிச்சமென்று ஒரு வேளையை விடுவது கள்ளப் படிக்கல் வைப்பதற்கு ஒப்பாகும். 40 யூனிட் மருந்தை 100 யூனிட் ஊசியில் அளந்தால் பாதிகூடப் போய்ச் சேராது. அளவு மிஞ்சினாலோ உயிருக்கே ஆபத்து.

எடை குறைந்தால் வாடிக்கைக்காரர் கடையேறி வந்து கேட்பார். பூனை கேட்காது. அங்கேதான் நம் நாணயம் தெரியும். கட்டுப்படியாகாவிட்டால் மருத்துவரிடம் நம் நிலையை மறைக்காமல் சொல்லி, இயன்ற வழியைக் கேட்போம். நாமாக மருந்தைக் குறைக்க வேண்டாம்.