எத்தனை அடி பின்னால் நிற்கலாம்?

யாங்கூனில், ஆங்கிலேயர் கெம்மெண்டைன் என்றெழுதிய க்யிம்யிண்டைங்கின் குறுகிய சந்துகளில் வீட்டைப் படமெடுக்கப் பின்னே நகர இடமில்லை. 4க்கு 5 அங்குல ஃபிலிம் கேமராவுக்கு 150 மி.மீ. லென்ஸ் இயல்பானது, எண் குறையக் குறையப் பார்வை விரியும். 90இல் வீட்டின் ஓரம் வெட்டுப்படும். 65இல் முழு வீடும் அடங்கும். சந்தும் ராஜவீதியாகத் தோன்றும்.

லென்ஸை உயர்த்திச் சுவர்களை நிமிர்த்துவதும் பொய்தானே என்பார்கள். இல்லை, சுவர்கள் உண்மையில் நிமிர்ந்தே நிற்கின்றன. சந்துதான் அகலமாக இல்லை.

1942இலும் 1964ஐ ஒட்டியும் பர்மாவை விட்டு வந்தோரின் பேரர்களுக்குத் தாத்தா வீடு அரண்மனையாகத் தெரிய வேண்டுமென்று ஆசை. எனக்கும்தான். ஆனால் அவர்கள் வாழ்ந்தது நெருக்கத்தில். அந்த நெருக்கத்தைப் படத்திலிருந்து எடுத்துவிட்டால் அவர்கள் பட்ட பாடும் கூடவே போய்விடும். 90 போதும்.