ஒரு சோறு எப்போது பதம்?

பார்த்த சிலவற்றைக் கொண்டு பாராத பலவற்றைப் பற்றிப் பேசலாமா? புள்ளியியலின் அடிப்படைக் கேள்வி இது. இந்தியத் தருக்க மரபின் பழைய வழக்கும் இதுவே. புகையைக் கண்டு நெருப்பை அறிவதை நியாய மரபினர் அனுமானம் என்றனர்; மணிமேகலையில் அது கருதல் எனப்படும். கண்ணால் காண்பதை மட்டுமே சான்றாகக் கொண்ட சார்வாகர் அதை ஏற்கவில்லை. ஆயிரம் அடுப்புகளில் புகையும் நெருப்பும் சேர்ந்திருக்கக் கண்டாலும், ஆயிரத்தொன்றாவது அடுப்பை யார் கண்டார்?

கொச்சி மட்டாஞ்சேரியின் மிளகு மண்டிகளில் இந்த வழக்கு அன்றாடம் நடக்கிறது. வாங்குபவர் எல்லா மூட்டைகளையும் கொட்டிப் பார்ப்பதில்லை. கையளவு மாதிரியைப் பார்த்து விலை பேசுகிறார். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானைக்குப் பொருந்தும். அதில் எல்லா அரிசியும் ஒரே நீரில், ஒரே தீயில் வெந்தது. மூட்டையிலோ பல தோட்டத்து மிளகு கலந்திருக்கும். தூசி அடியில் தங்கும். மேலே மட்டும் அள்ளினால் தூசி கண்ணில் படாது. அதனால் மேல், நடு, அடி என்று பல இடங்களில் குத்தூசி போட வேண்டும். எந்த மணியும் கையில் வருவதற்கு ஒரே அளவு வாய்ப்பு இருந்தால் அது சமவாய்ப்பு மாதிரி.

ஒரு பகுதியை மட்டும் பார்த்து முழுமைக்கும் முடிவு கட்டும் தவற்றை நியாய மரபு நுட்பமாகவே உணர்ந்திருந்தது. ஈர விறகு எரியும் அடுப்புகளை மட்டும் பார்த்தவர், நெருப்பிருந்தால் புகையும் இருக்கும் என்று முடிவு கட்டுவார். பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்புண்டு, புகையில்லை. இடையில் மறைந்து நின்ற ஈர விறகை உபாதி என்றனர். இரண்டு எண்கள் சேர்ந்து ஏறும்போது ஒன்றை மற்றதன் காரணமாகக் கொள்ளுமுன் புள்ளியியல் தேடுவதும் இத்தகைய உபாதியைத்தான்.

அடுத்தது சராசரி. ஒரு மூட்டையில் எல்லா மணிகளும் 4 மில்லிமீட்டர். இன்னொன்றில் பாதி 3.5, பாதி 4.5. இரண்டின் சராசரியும் 4. ஆனால் தலைச்சேரி எக்ஸ்ட்ரா போல்டு தரத்துக்குரிய 4.25 மில்லிமீட்டர் சல்லடையில் முதல் மூட்டை முழுவதும் கீழே விழும். இரண்டாவதில் பாதி மேலே நிற்கும். 4 மில்லிமீட்டர் மணி ஒன்றுகூட அந்த மூட்டையில் இல்லை. ஆகவே சராசரியோடு பரவலையும் சொல்லாதவர் பாதியைத்தான் சொல்கிறார்.

இனிப் பிழை. சமவாய்ப்பாக எடுத்த 100 மணிகளில் 10 சொத்தை என்றால், மூட்டையின் சொத்தை விகிதம் ஏறத்தாழ 4 முதல் 16 சதவீதம் என்று வரம்பு போடலாம். 400 மணிகளில் 40 சொத்தை என்றால் வரம்பு 7 முதல் 13 ஆகும். பிழை பாதியாக, மாதிரி நான்கு மடங்காக வேண்டும்.

சார்வாகருக்குப் புள்ளியியல் தரும் நேர்மையான பதில் இந்த வரம்பு. ஐயத்தை அது ஒழிப்பதில்லை, அளக்கிறது. இவ்வாறு நூறு முறை மாதிரி எடுத்து நூறு வரம்புகள் போட்டால், ஏறத்தாழ 95 வரம்புகளுக்குள் உண்மை விகிதம் அகப்படும், ஐந்தில் தப்பும். கையிலுள்ள வரம்பு எந்த வகை என்பது மூட்டையைக் கொட்டி எண்ணினாலன்றித் தெரியாது.