புரிந்துகொள்ளும் வேலை யாருக்கு?

ஒரே கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் வைத்துக்கொள்வது பார்வைக்கு நியாயமான ஏற்பாடுதான். ஹார்ட் டிஸ்க்கை இரண்டாகப் பிரிக்கிறோம். கணினியைத் திறந்ததும் பட்டியல் வருகிறது, வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். ஒன்று ஓடும்போது மற்றது தூங்கும். சண்டைக்கே இடமில்லை. ஆனால் ஒரு வீட்டில் இடத்தைப் பிரித்துக்கொண்டால் மட்டும் போதுமா? யார் யாருக்காக மாறுகிறார்கள் என்று பார்க்க வேண்டாமா?

கோப்புகளையே எடுத்துக்கொள்வோம். லினக்ஸிலிருந்து விண்டோஸ் பக்கத்துக் கோப்புகளைத் திறக்கலாம், திருத்தலாம். அங்கிருந்து இங்கே அவ்வளவு சுலபமாக வர முடியாது. லினக்ஸின் எக்ஸ்ட்4 முறையில் எழுதிய வெளி டிஸ்க் ஒன்றை விண்டோஸில் செருகினால், ‘ஃபார்மெட் பண்ணணும், பண்ணவா?’ என்று கேட்கும். உள்ளே பத்து வருஷக் குடும்பப் படங்கள் இருக்கலாம். இத்தனைக்கும் எக்ஸ்ட்4 நிரல் 2008 முதல் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்தே கிடக்கிறது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறைக்கு அப்படி முழு விளக்கம் பொதுவில் இல்லை. லினக்ஸ்காரர்கள் வெளியிலிருந்து ஆராய்ந்து, பல வருஷம் உழைத்துத்தான் அதைக் கற்றுக்கொண்டார்கள்.

நேரமும் இப்படித்தான். மதர்போர்டில் இருப்பது ஒரே கடிகாரம். லினக்ஸ் அதை உலகப் பொதுநேரமாகப் படிக்கும், விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் படிக்கும். மலேசியாவில் இரண்டுக்கும் 8 மணி நேர வித்தியாசம். லினக்ஸில் மாலை 6 மணியாக இருந்தது, விண்டோஸுக்குப் போனதும் காலை 10 ஆகிவிடும். இரண்டில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் லினக்ஸுக்கு ஒரு கட்டளை போதும். ‘இதனால் சிக்கல் வரலாம்’ என்று எச்சரித்துவிட்டு ஒத்துக்கொள்ளும். விண்டோஸை மாற்ற ரெஜிஸ்ட்ரிக்குள் போய்த் தோண்ட வேண்டும். அதனால் வளைகிறவனிடமே போய் நிற்கிறோம்.

மென்பொருளுக்கு ஏது அறம் என்று கேட்கலாம். அதை எழுதியவர்கள் மனிதர்கள். யாருக்காக நேரம் செலவழிப்பது என்று முடிவெடுத்தவர்களும் மனிதர்கள். பெரும்பாலான விண்டோஸ் பயனர்களின் கணினியில் லினக்ஸே கிடையாது, பிறகு அவர்களுக்கு ஏன் அந்த வேலை என்பதும் நியாயமான வாதம்தான். தேவையில்லாததைக் கற்காமல் இருப்பது குற்றமல்ல.

வீட்டில் தமிழ், அரசாங்க அலுவலகத்தில் மலாய், வேலையிடத்தில் ஆங்கிலம் என்று மாறி மாறி ஓடும் நமக்கு இது பழகிய கதை. ‘நீங்க எப்படியும் சமாளிச்சுக்குவீங்க’ என்று பாராட்டுவார்கள். அந்தத் திறமை உண்மைதான். ஆனால் அந்தப் பாராட்டில் நம் உழைப்பு கணக்கில் வராமல் போய்விடுகிறது.

எல்லாரும் எல்லாரையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். அது நடக்கவும் நடக்காது. நான் கேட்பது அதைவிடச் சின்னது. புரியாத ஒன்றைப் பார்த்தால் ‘எனக்கு இது படிக்கத் தெரியலை’ என்று சொல்லலாம், தப்பில்லை. தெரியாததைக் காலி என்று நினைத்து, ‘அழிச்சிடவா?’ என்று கேட்கிற இடத்தில்தான் அறியாமை அநியாயமாக மாறுகிறது.