வான் பாயும் நாளில் நோன்பு

மண்டூரில் தூண்டில்காரனுக்கு வருடத்தில் இரண்டே காலம். ஒன்று மாரி. மற்றது மாரிக்குக் காத்திருக்கும் காலம். ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை பிடித்தால் தை மட்டும் நனைந்த சேர்ட்டோடுதான் எங்கள் சீவியம். நவகிரிப் பக்கமிருந்து வெள்ளம் இறங்கும். குளங்கள் வான் பாயும். வெள்ளாவெளிப் பக்கத்துத் தாம்போதிகளுக்கு மேலால் தண்ணீர் போகும். வாவியில் உப்பு நாளுக்கு நாள் குறைய, குளத்து விராலும் சுங்கானும் கெளிறும் ஓடைகளுக்குள் இறங்கி விடும். வெள்ளம் மிஞ்சினால் முகத்துவாரத்தை வெட்டி விடுவார்கள். கடலும் வாவியும் கலக்கிற அந்த நாட்களில் கொடுவாய்ப் பைத்தியம் உள்ளவர்கள் பாலமீன்மடுப் பக்கம் போய்விடுவார்கள். நான் தாம்போதிக்காரன். குடையைத் தோளில் செருகிக்கொண்டு விராலுக்கு நிற்பவன்.

நான் ஓய்வுபெற்ற தபாலதிபர். பென்சன் வருகிறது. வயிற்றுப்பாட்டுக்காக ஒருநாளும் தூண்டில் போட்டதில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே பேசவேண்டும். தோணியில் வலையோடு போகிறவனுக்கு நான் கேட்கப்போகிற கேள்வி இல்லை. அவனுக்கு வீட்டில் அடுப்பு இருக்கிறது. அது பதில் சொல்லிவிடும்.

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் எங்கள் கூட்டம் வேறு சாதி மனிதராகிவிடும். சலூன்காரர், உழவு மெசின் ஓட்டுகிறவர், ஒரு கணக்கு வாத்தியார், நான். நிலம் வெடித்துக் கிடக்கும். ஓடையிருந்த இடத்தில் மாடு படுத்திருக்கும். சலூன்காரர் கடைக்குள்ளே தங்கூசிச் சுருளைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருப்பார்; ஆள் வராத நேரத்தில் முள் கட்டிக் கட்டி அவிழ்ப்பார். வாத்தியார் பின்னேரத்தில் உடம்புக்கு நல்லது என்று நடக்கப் போவார். போவது குளக்கட்டுக்கு, பார்ப்பது தண்ணீர் மட்டத்தை. நான் தடிக்கு எண்ணெய் பூசுவேன், ஈயம் உருக்குவேன், போன மாரியில் அறுத்துக்கொண்டு போன விராலின் நீளத்தைப் பற்றிப் பேசுவேன். அது வருடத்துக்கு வருடம் வளர்ந்துகொண்டிருக்கிறது. செத்த மீன் வளராது, தப்பின மீன்தான் வளரும் என்பார் மெசின்காரர்.

இந்த வறட்சிக்குள்தான் ஆவணி வருகிறது. முருகன் கோயில் கொடியேறினால் ஊரே மச்சம் விடும். குருமண்வெளித் துறையில் மிதவைப் பாதை நிறையச் சனம் வாவியைக் கடந்து வரும். எங்கள் கோயிலில் கப்புகனார் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார், கதிர்காமத்து முறை. தீர்த்தம் முடியுமட்டும் எங்கள் வீட்டில் மீன்சட்டி கவிழ்ந்து கிடக்கும். உண்மையைச் சொன்னால் அது எனக்கு நோன்பே இல்லை. தூண்டில் போட ஓடையில் தண்ணீர் இல்லாத மாதத்தில் தூண்டிலைத் தொடாமல் இருப்பதற்குப் பக்தி எதற்கு?

நோன்பு என்றால் மாரியில்தான். ஐப்பசியில் கந்தசஷ்டி 6 நாள். கார்த்திகைப் பூரணை கழிந்த மறுநாள் தொடங்கிப் பிள்ளையார் கதை 21 நாள், 21 இழைக் காப்போடு. மார்கழியில் திருவெம்பாவை 10 நாள். நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். விரால் இறங்குகிற நாட்களின் மேலேயே ஒவ்வொன்றாகக் குந்தியிருக்கின்றன. சூரனும் முருகனும் சண்டை பிடிக்கிற வாரத்தில்தான் முதல் வெள்ளம் தாம்போதி தாண்டும்.

இதற்கு வாத்தியார் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார். மாரியில் ஆற்று மீன் சினைப்படுகிறது. அதைக் காப்பாற்றத்தான் முன்னோர் விரதத்தை வைத்தார்களாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சஷ்டியில் ஆட்டையும் கோழியையும் கடல் சூரையையும்கூடத்தானே விடுகிறோம்? அவையெல்லாம் தாம்போதியிலா சினைப்படுகின்றன? சமயத்துக்கு விஞ்ஞானச் சட்டை போட்டுவிட்டால் அது மழைக்கு நனையாது என்று எங்கள் படித்தவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

ஆறுமுக நாவலர் இருந்தால் எங்களை வாசலிலேயே நிறுத்தியிருப்பார். கொலையும் புலாலும் பாவம் என்றால் எல்லா நாளும் பாவம். சஷ்டியில் பாவம், பாறணைக்குப் பிறகு குழம்பு என்கிற கணக்கு அவரிடம் செல்லாது. வாவிக்கரைச் சைவம் அப்படியில்லை. அது மீனையும் விடவில்லை, முருகனையும் விடவில்லை. இதைப் பலவீனம் என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்லமாட்டேன்.

என்னை யோசிக்க வைத்தவன் மருமகன். சுவிஸில் இருக்கிறான், அவனுக்கும் தூண்டில் பித்து. ஒருநாள் வீடியோவில் கேட்டேன்: "பிடிச்ச மீனைத் திருப்பி விடுற ஆக்கள் அங்க நிறைய இருப்பாங்க என்ன மனே?" அவன் சொன்னான்: "இல்ல மாமா. விடுறத்துக்கெண்டு பிடிக்கிறது இஞ்ச சட்டப்படி பிழை. தின்னுறதுக்கு எண்டாத்தான் பிடிக்கலாம்." 2008இல் வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகளில் அது இருக்கிறதாம். அங்கே தூண்டில் போடுவதற்கு ஒரு வகுப்பும் படித்துச் சான்றிதழ் எடுக்கவேண்டுமாம்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. உயிரோடு விட்டால் குற்றம், கொன்று தின்றால் நியாயம்! யோசிக்க யோசிக்கச் சட்டக்காரன் மடையன் அல்ல என்று பட்டது. பசிக்குப் பிடிக்கிறவன் மீனிடம் மீனைத்தான் கேட்கிறான். விளையாட்டுக்குப் பிடித்து விடுகிறவன் அதன் வலியை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கிறான். பிறகு படமும் எடுத்து, ஜீவகாருண்யம் என்று பெயரும் வைக்கிறான். விட்டதில் அவனுக்கு என்ன போயிற்று? இரவுச் சாப்பாட்டுக்கு வேறு கறி இருக்கிறது.

மீனை விட்டவர் ஒருவர் நம்மிடையே இருக்கிறார், நாயன்மாராகவே இருக்கிறார். நாகபட்டினத்து அதிபத்தர். அவர் பரதவர். பெரியபுராணம் அவரை வலையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. மீன் பிடிக்கிற தொழிலோடேயே 63 பேருக்குள் இருத்தியிருக்கிறது. நாவலர் வழி வந்தவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துபோவதைக் கவனித்திருக்கிறேன். அகப்படுகிற மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விடுவது அவர் வழக்கம். பிறகு வலை வற்றுகிறது. நாளுக்கு ஒரு மீன். அந்த ஒன்றையும் விடுகிறார். வீட்டில் பட்டினி. அடுத்த நாளும் ஒன்று, அதையும் விடுகிறார். கடைசியில் பொன்னும் மணியுமாக ஒரு மீன் வலையில் ஏறுகிறது. அதுவும் கடலுக்கே போகிறது. இன்றும் ஆவணி ஆயிலியத்தில் நாகையில் பொன்மீனைக் கடலில் விட்டு அந்த விழாவைக் கொண்டாடுகிறார்கள்.

பொன்மீனைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அந்த ஒற்றை மீன் நாட்கள்தான் பெரிது. வலை நிறைய இருக்கும்போது ஒன்றை விடுவது காணிக்கை, யாரும் செய்யலாம். இருக்கிற ஒன்றை விடுகிறபோது கை நடுங்கியிருக்கும். நோன்பு மாரியில் வந்து குந்தியிருப்பதன் நியாயம் எனக்கு அங்கேதான் பிடிபடுகிறது. விடுவதற்கு ஒன்று கையில் இருக்கவேண்டும். தாம்போதியில் விரால் துள்ள, குடைக்குள் வெறுங்கையோடு நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிற அந்த 6 நாளில்தான், எனக்கும் மீனுக்கும் நடுவே பசி ஒருநாளும் இருந்ததில்லை என்பது தெரிகிறது. இருந்தது அந்த இழுவை. தங்கூசி விறைத்து விரலில் அதிர்கிற அந்த ஒரு கணம். வள்ளுவர் 931ஆம் குறளில் தூண்டில் முள்ளை விழுங்கின மீனைச் சூதில் வென்றவனுக்குத்தான் ஒப்பிடுகிறார். வென்றவனுக்கு, தோற்றவனுக்கு அல்ல. தடியின் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்று தூண்டில்காரன் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதற்காக நான் தூண்டிலை விட்டுவிடவில்லை. ஒரு வழக்கம் மட்டும் வைத்திருக்கிறேன்: அன்றைக்குக் கறிக்குக் காணும் என்றால் தடியை மடக்கிவிடுவேன், விளையாட்டுக்கு மேலும் ஒன்று பிடிப்பதில்லை. மாரி நடுவில், மீன் கொத்திக்கொண்டிருக்கும்போது அது லேசான வேலை அல்ல.

ஆனால் மனதை மடக்குவது எப்படி என்று எனக்குத் தெரியாது. கையை அடக்கிக்கொண்டு மனதால் புலன்களின் பின்னே திரிகிறவனைக் கீதை மூன்றாம் அத்தியாயத்தில் பொய்யொழுக்கம் உள்ளவன் என்கிறது. இந்தச் சஷ்டியில் நான்காம் நாள் பின்னேரம், மழை கொஞ்சம் விட்டிருந்தது. வாழையடியில் மண்வெட்டியோடு நின்றேன். மனுசி குசினி வாசலில் இருந்து கேட்டா: "இஞ்சேருங்க, விரதத்தில மீனை விட்டீங்க, சரி. புழு என்னத்துக்குத் தோண்டுறீங்க?"

பாறணைக்கு மறுநாளுக்கு என்றேன்.