ஓரிரவுத் தங்கலும் உயிர்த்துன்பமும்

வழிப்போக்கராய் ஓர் ஊரில் ஓரிரவு தங்குகிறவர் அவ்வூருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்? எளிதாகத் தோன்றும் இவ்வினாவிற்கு விடை காண்பது எளிதன்று என்பதைச் சென்ற தை மாதத்தில் மேற்கொண்ட ஒரு சிறு பயணத்தில் உணர்ந்தோம்.

ஆர்மாமலைச் சமணக் குகையைக் காண விரும்பிய நம் பேரப்பிள்ளைகள் நால்வர், வேலூரிலிருந்து பெருஞ்சாலையைத் தவிர்த்துக் கிராமச் சாலைகள் வழியே மிதிவண்டியில் புறப்பட்டனர். எழுபதைக் கடந்த நாமோ மூட்டை முடிச்சுகளுடன் பேருந்தில் பின்தொடர்ந்தோம். ஆம்பூருக்கு வெளியே தென்னந்தோப்பு ஒன்றினுள் இருந்த விடுதியில் இரவைக் கழிக்க ஏற்பாடாகியிருந்தது. ‘இயற்கைக்கு இசைந்த எளிய தங்குமிடம்’ என்று பலகை எழுதியிருந்தனர். அப்பலகை பொய் சொல்லவில்லை. மண்சுவர், ஓட்டுக்கூரை, கயிற்றுக்கட்டில், ஆளுக்கு இரண்டு வாளித் தண்ணீர், குளிர்சாதனம் கிடையாது, கட்டணமும் குறைவு. கதிரவன் மறையுமுன் உண்பது எங்கள் வழக்கம் என்றதும், முகங்கோணாமல் அவ்வாறே சமைத்துப் பரிமாறினர். “ஓர் உயிருக்கும் துன்பமில்லாமல் இன்றைய பொழுது போயிற்று, பாட்டி” என்று பெயர்த்தி மகிழ்ந்தாள். நமக்கும் பெருமையாகவே இருந்தது.

அப்பெருமை நெடுநேரம் நிலைக்கவில்லை. குடிநீர் எடுக்க வடிகட்டும் துணியுடன் கிணற்றடிக்குச் சென்றபோது விடுதிக்காரர் ஓடிவந்து தடுத்தார். “டீச்சரம்மா, இதைக் குடிக்காதீர்கள். குளிக்க மட்டும்தான் ஆகும். குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கி வைத்திருக்கிறோம்” என்றார். கையிலிருந்த துணியைப் பார்த்தோம். நீரிலுள்ள சிற்றுயிர்களைக் காத்து, அவற்றை மீண்டும் அக்கிணற்றிலேயே விடுவதற்காக நம் முன்னோர் கற்பித்த துணி அது. நீரில் கரைந்துவிட்ட நஞ்சை எந்தத் துணியால் வடிகட்டுவது?

பாலாற்றங்கரையின் துயரம் நம் வாசகர்கள் அறியாததன்று. ஆவாரம் பட்டை முதலியவற்றைக் கொண்டு தோல் பதனிட்டு வந்த இப்பகுதியில், பின்னாளில் குரோமிய உப்புகளைக் கொண்டு பதனிடும் முறை பரவிற்று. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பக்குவம் செய்ய 35 லிட்டர் நீர் செலவாவதையும், ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதையும் அத்தீர்ப்பு எடுத்துரைக்கிறது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறி இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில் உறுதி செய்யப்பட்டது. ஆயினும் 2015 சனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைகளின் பொதுக் கழிவுநீர் நிலையத்துத் தொட்டிச் சுவர் இடிந்து, அருகில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் சேற்றில் மூழ்கி மாண்டனர். அவர்களுக்கும் அது ஓரிரவுத் தங்கல்தான். 2025 சனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இப்பகுதி மாசு குறித்து மீண்டும் தீர்ப்பளிக்க வேண்டியதாயிற்று.

இவற்றைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னபோது பேரன் கேட்டான்: “நாம் தோல் செருப்புகூட அணிவதில்லையே, பாட்டி. இந்தப் பாவத்தில் நமக்கு என்ன பங்கு?”

உடனே விடை கூற இயலவில்லை. ஆசிரியர் பயிற்சி வகுப்பு நடத்திய நாள்களில் நிகழ்ந்த ஒன்று நினைவிற்கு வந்தது. தோல் தொழிற்சாலைத் தொழிலாளியின் மகள் ஒருத்தி நம்மிடம் பயின்றாள். அவளுடைய ஆடையில் வாடை வீசுவதாகக் கருதி, சன்னலோரம் தனியே அமருமாறு அனைவர் முன்னிலையிலும் கூறினோம். அவள் ஒரு சொல்லும் பேசாமல் எழுந்து சென்று அமர்ந்தாள். தோலைத் தீண்டாத தூய்மை அன்று நம்மிடம் இருந்தது. ஒரு பெண்ணின் மனத்தை நோகடிக்காத தூய்மை இல்லை.

விடுதிக்காரரும் 22 ஆண்டுகள் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று உழைத்தவர் என்பதை அன்றிரவு அறிந்தோம். “பிள்ளைகளைப் படிக்க வைத்தது அந்தத் தொட்டிதான், அம்மா” என்றார். தோல் வாணிகத்தில் கொலை கலந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது. இல்லறத்தார் அதனை விலக்க வேண்டும் என்னும் நம் கொள்கையில் மாற்றமும் இல்லை. ஆனால் வேறு வழியின்றி அதில் உழைத்தவரைக் குறைவாக எண்ண அக்கொள்கை நமக்கு உரிமை தரவில்லை.

குணவிரதங்களுள் அநர்த்ததண்ட விரதம் ஒன்று. பயனின்றி உயிர்களுக்குத் துன்பம் செய்யாதிருத்தல் என்பது அதன் பொருள். சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றை வீணே அலைக்கழிப்பதையும் செடிகொடிகளை வெட்டுவதையும் கூறி, அவற்றோடு வீணே திரிவதையும் பிறரைத் திரியச் செய்வதையும் சேர்த்தே எண்ணுகிறார். ஊர் சுற்றுதல் பெருகிவிட்ட இக்காலத்திற்கு இது மிகவும் வேண்டிய பாடம். பயணத்தில் எவ்வளவு குறைவாகத் துன்பம் செய்தோம் என்பது இரண்டாவது கேள்வி. எதற்காகப் புறப்பட்டோம் என்பதே முதற்கேள்வி.

மறுநாள் காலை, மலையம்பட்டை ஒட்டிய ஆர்மாமலைக்குச் சென்றோம். இயற்கையான குகையினுள் எட்டாம் நூற்றாண்டு வண்ண ஓவியங்களின் எச்சங்கள் உள்ளன. முனிவர் தங்குவதற்குச் சுடாத செங்கல்லால் எழுப்பிய சுவர்களும் காணப்படுகின்றன. முனிவர்கள் நான்கு முழத் தொலைவு நிலத்தை நோக்கி, சிற்றுயிர் மிதிபடாமல் நடக்க வேண்டும் என்பது ஈரியா சமிதி. அவர்கள் நடையால் விளையக்கூடிய துன்பம் அந்நான்கு முழத்திற்குள் அடங்கியது. நம் வாழ்க்கையால் விளையும் துன்பமோ கண்ணுக்கு எட்டாத தொலைவிற்குப் பாய்கிறது. நாம் குடித்த கேன் தண்ணீர் எவ்வூர் நிலத்தடியிலிருந்து எடுக்கப்பட்டது? அங்குள்ளோர் கிணற்றில் இன்று எவ்வளவு நீர் நிற்கிறது? இவற்றைக் கேளாமல் மண்சுவர் வீட்டில் உறங்கியதை மட்டும் அறமென்று கணக்கெழுதிக் கொள்ளலாகாது.

அவ்வூருக்கு நாம் பட்ட கடன் இதுவே எனத் தோன்றுகிறது: அங்குள்ள நீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது, அதன் சுமையை யார் தாங்குகிறார்கள் என்று கேட்டறிந்து, அவர்களை மதித்து வாழ்வது. இதைப் பேரனிடம் கூறினோம். அவன் விடுதிக்காரரிடம் போய்க் கிணற்றின் வரலாற்றைக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். அவன் வந்த பயணம் வீண்திரிதல் ஆகவில்லை என்று மகிழ்ந்தோம்.

நமக்குரிய கடன் ஒன்று எஞ்சியிருக்கிறது. ஆண்டுதோறும் க்ஷமாவணி நாளில் எல்லா உயிர்களிடமும் பொறுத்தருள வேண்டுகிறோம். அந்த மாணவியிடம் மட்டும் பெயர் சொல்லி ஒருமுறையும் வேண்டியதில்லை. இப்போது அவர் முகவரியைக் கேட்டு, உடன் பயின்றவர்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம்.