விடை கூறாத கருணை

அறிந்தவர் ஒருவர் இருக்கிறார். அறிய விரும்புபவர் அவர்முன் தவித்து நிற்கிறார். விடை தெரிந்திருந்தும் அறிந்தவர் உடனே கூறாமல் பொறுத்திருக்கிறார். இது கருணையா, கடுமையா? பெற்றோர், ஆசிரியர், ஆன்மிக வழிகாட்டி என, கற்பிக்கும் பொறுப்பை ஏற்ற எவரும் எதிர்கொள்ள வேண்டிய அறக்கேள்வி இது.

தைத்திரீய உபநிஷதத்தின் பிருகுவல்லியில் இதற்கு ஒரு விளக்கம் கிடைக்கிறது. பிரம்மத்தைப் பற்றி உபதேசிக்குமாறு பிருகு தன் தந்தை வருணனிடம் வேண்டுகிறான். தந்தை முடிந்த முடிபைக் கூறவில்லை. மகனை வெறுங்கையுடன் அனுப்பவும் இல்லை. உணவு, பிராணன், கண், செவி, மனம், வாக்கு என்று நுழைவாயில்களைக் காட்டுகிறார். உயிர்கள் எதிலிருந்து தோன்றி, எதனால் வாழ்ந்து, எதில் ஒடுங்குகின்றனவோ அதை நாடு என்று ஓர் அளவுகோலையும் தருகிறார். பிறகு தவம் செய்யச் சொல்கிறார்.

உணவே பிரம்மம் என்று கண்டு பிருகு திரும்பி வருகிறான். மீண்டும் தவம் புரியுமாறு தந்தை அனுப்புகிறார். பிராணன், மனம், விஞ்ஞானம் என ஒவ்வொரு முறையும் முன்பு கண்டதே அடுத்ததற்குப் படியாகிறது. ஐந்தாவதாக ஆனந்தமே பிரம்மம் என்று அறிகிறான். அதன்பின் அவன் தந்தையிடம் திரும்பி வந்ததாக உபநிஷதம் கூறவில்லை. கேட்க ஏதும் எஞ்சாத நிலைக்கு மாணவனை உயர்த்துவதே கற்பித்தலின் நிறைவு.

இருபதாம் நூற்றாண்டில் ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி (1896-1934) இதற்கு நெருங்கிய ஓர் உண்மையைக் குழந்தைகளின் கல்வியில் கண்டார். எட்டு வயதுக்குரிய கணக்குகளைத் தாமாகவே செய்யும் இரு குழந்தைகளை அவர் எடுத்துக்காட்டுகிறார். சிறிது வழிகாட்டியதும் ஒருவன் ஒன்பது வயதுக்குரியதை மட்டுமே செய்கிறான். மற்றவனோ பன்னிரண்டு வயதுக்குரியதையும் செய்துவிடுகிறான். தனியே செய்ய முடிவதற்கும் துணையுடன் செய்ய முடிவதற்கும் இடைப்பட்ட இந்தப் பரப்பிலேயே வளர்ச்சி நிகழ்கிறது. அதற்குக் கீழே உள்ள பணி சலிப்பைத் தரும். அதற்கு அப்பாலுள்ளது மனத்தை ஒடித்துவிடும்.

அப்படியானால், தவறிப்போகும் மாணவனுக்கு யார் பொறுப்பு? சாந்தோக்ய உபநிஷதத்தில் இந்திரனும் விரோசனனும் பிரஜாபதியிடம் 32 ஆண்டுகள் தங்கி ஒரே உபதேசத்தைப் பெற்றனர். நீரில் தெரியும் உருவமே ஆத்மா என்று எண்ணி இருவருமே மனநிறைவுடன் புறப்பட்டனர். விரோசனன் திரும்பவில்லை, உடலே ஆத்மா என்று அசுரர்களுக்குப் போதித்தான். இந்திரனுக்கோ பாதிவழியில் ஐயம் எழுந்தது: உடல் குருடானால் ஆத்மாவும் குருடாகுமா? திரும்பி வந்த அவனுடைய ஐயத்தை பிரஜாபதி சரியென்று ஏற்று, மேலும் விளக்குவதாகக் கூறினார். இவ்வாறு 101 ஆண்டுகள் தங்கியபின் அவன் உண்மையை உணர்ந்தான்.

கதவு இருவருக்குமே திறந்திருந்தது. எனினும் இந்தக் கதையைச் சாக்காகக் கொண்டு, 'வராதவன் கெட்டான்' என்று ஆசிரியர் ஒதுங்கிவிடலாகாது. பிரஜாபதியிடம் வந்தவர்கள் தேவர்க்கும் அசுரர்க்கும் தலைவர்கள். நம் வகுப்பறையில் இருப்பது குழந்தை. புரியவில்லை என்று சொல்ல அஞ்சி வாய்மூடி இருக்கும் குழந்தையைத் தேடிச் செல்ல வேண்டியவர் ஆசிரியரே. துணையின்றிச் சுமத்தும் கடினப் பணிக்குப் பயிற்சி என்று பெயரிட்டாலும், அது கைவிடுதலேயாகும்.

ஆகவே விடையை நிறுத்திவைக்கும் உரிமை, மாணவனை நன்கு அறிந்தவருக்கே உண்டு. அத்வைதத்தை ஏற்காத இளைஞரான நரேந்திரரிடம் ஸ்ரீராமகிருஷ்ணர் அஷ்டாவக்ர சம்ஹிதையைக் கொடுத்துப் படிக்கச் சொல்வார். நரேந்திரர் கடுமையாக மறுத்துப் பேசுவார். குருதேவர் சினம் கொள்ளவுமில்லை, ஏற்கும்படி வற்புறுத்தவுமில்லை. தமக்காகப் படித்துக் காட்டும்படி மட்டுமே கேட்டார். மற்றச் சீடர்கள் எல்லோரிடமும் அந்நூலை அவர் கொடுக்கவில்லை. யார் எந்தச் சுமையைத் தாங்குவார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

குழந்தையின் வீட்டுப்பாடத்தை நாமே எழுதிக் கொடுக்கும்போது அதன் தவிப்பு தீருவதில்லை. அதைக் காணும் நம் தவிப்பே தீருகிறது. பொறுமையுடன் அருகில் அமர்வோம். ஒரு குறிப்பைத் தருவோம். அடுத்த அடியை அதுவே எடுத்து வைக்கட்டும். ஒருநாள் அது நம்மிடம் கேட்க வராமலே போகலாம். அன்று நாம் வருந்த வேண்டியதில்லை. நம் பணி நிறைவேறிய நாள் அது.